வாய்க்காலில் இறங்கும் பொக்லைன்

குறுவைச் சாகுபடிக்காக மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படுவது வழக்கம். அதற்கு முந்தைய ஒன்றிரண்டு மாதங்கள்தான் காவிரி டெல்டாவில் தூர்வாரும் காலம். 2022-இல் மட்டும் 80 கோடி ரூபாய்ச் செலவில் ஏறத்தாழ 4,960 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் வடிகால்களிலும் இந்த வேலை எடுக்கப்பட்டது. அந்த ஆண்டு மே 24-ஆம் தேதியே அணை திறந்துவிட்டதால் அவகாசமும் குறைந்தது.

ஆண்டுதோறும் அள்ளியும் மண் ஏன் மறுபடி சேர்கிறது? மண்ணைச் சுமந்து செல்வது நீரின் வேகம். வேகம் குறைந்தால் முதலில் மணல் இறங்கும், பிறகு வண்டல் இறங்கும். தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 57 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் நாகப்பட்டினம், அதாவது கடல். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரிவு இல்லாத நிலத்தில் தண்ணீர் நிதானமாகத்தான் நகரும். நடுவில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் கோரையும் மண்டினால் அந்த நிதானமும் போய்த் தேங்க ஆரம்பிக்கும். அவற்றின் தண்டைச் சுற்றி மண் படியும், படிந்த மண்ணில் இன்னும் அடர்த்தியாகச் செடி முளைக்கும்.

படியும் மண்ணுக்கு ஆற்றையே திசைதிருப்பும் வலிமை உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடம் கிளை பிரியும் முக்கொம்பில் காவிரியின் படுகை மேடேறி, தண்ணீர் தாழ்வான கொள்ளிடத்தின் பக்கம் சரிந்துகொண்டிருந்தது. தஞ்சை வயல்களுக்கு வரவேண்டிய நீர் வீணே கடலுக்குப் போனது. அதைத் தடுக்கத்தான் 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார்.

எந்திரம் வருவதற்கு முன்பு தூர்வாரல் ஊர்ப் பொறுப்பு. குடிமராமத்து என்ற முறையில் அவரவர் நிலத்துக்கு ஏற்ப ஆள் அனுப்ப வேண்டும். பழக்கமாக இருந்த இந்தக் கடமையை ஆங்கில அரசு 1858-இல் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டத்தின் மூலம் சட்டமாகவே ஆக்கியது. மண்வெட்டியால் வெட்டி, கூடையில் அள்ளி, கைமாற்றிக் கரையேற்றுவார்கள். முதுகு ஒடிகிற வேலை. ஆனால் அதில் ஒரு வசதி உண்டு. புதிதாகப் படிந்த வண்டல் மெத்தென்று இருக்கும், அதற்கடியில் பழைய படுகை இறுகிக் கிடக்கும். வாய்க்காலுக்குள் நின்று வெட்டுகிறவருக்கு மண்வெட்டி பழைய தரையைத் தொட்டதும் கையிலேயே தெரிந்துவிடும். அதற்குமேல் வெட்ட அவருக்கு மனமும் வராது, தெம்பும் இருக்காது.

பொக்லைனுக்குத் தெம்புக்குக் குறைவில்லை. பிரான்சின் பொக்லைன் நிறுவனம் 1951-இல் ஹைட்ராலிக் தோண்டும் எந்திரத்தைக் கொண்டுவந்தது. பின்னாளில் இந்தியாவில் எல் அண்ட் டி அதைத் தயாரித்தது. இந்த எந்திரத்தில் டீசல் எஞ்சினின் முக்கிய வேலை எண்ணெய்ப் பம்பை ஓட்டுவது. பம்ப் தள்ளும் எண்ணெய் தடித்த குழாய்கள் வழியாக உருளைகளுக்குள் நுழைந்து பிஸ்டனை நகர்த்துகிறது. தோள், முழங்கை, மணிக்கட்டு என மூன்று மூட்டுகளும் இப்படித்தான் மடங்கி நிமிர்கின்றன. 20 டன் வண்டியில் எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 300 கிலோவைத் தாண்டும். 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் முகப்பு 113 சதுர சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 34 டன் விசை! ஒரு முறை அள்ளினால் சுமார் ஒரு கனமீட்டர் மண் வரும். ஈரவண்டல் என்றால் அது 1.7 டன். கூடைக்கு 25 கிலோ என்று வைத்தால், கிட்டத்தட்ட 70 கூடை மண் அரை நிமிடத்துக்குள் கரையேறிவிடுகிறது.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. இந்த எந்திரத்துக்கு இரண்டடி வெட்டுவதும் மூன்றடி வெட்டுவதும் ஒன்றுதான். கரைமேல் இருந்து ஓட்டுகிறவருக்கு வண்டல் எங்கே முடிந்தது, பழைய தரை எங்கே தொடங்கியது என்பது தெரிவதில்லை. ஆழம் கூடினால் தண்ணீர் தாராளமாக வரும் என்று நாமும் நினைக்கிறோம். வாய்க்காலின் தரை தலைப்பு மதகின் தரையைவிடத் தாழ்ந்துவிட்டால், வருகிற தண்ணீர் முதலில் அந்தக் குழியை நிரப்பும். குழியில் வேகம் குறைவதால் மண்ணும் அங்கேயே படியும். அகலமும் ஆழமும் கூடிய வாய்க்காலில் அதே அளவு தண்ணீர் தாழ்ந்து ஓடும், வயல் மடையின் வாய்க்கு எட்டாது. பக்கத்தில் தண்ணீர் இருந்தும் ஆயில் எஞ்சின் வைத்து இறைக்க வேண்டிவரும். கடலோர வடிகாலை இப்படித் தாழ்த்தினால் ஓதத்தோடு உப்புநீர் உள்ளே ஏறும்.

எவ்வளவு தோண்டலாம் என்ற கேள்விக்குச் சீனர்கள் படுகைக்குள்ளேயே விடை வைத்தார்கள். சிச்சுவான் மாநிலத்தின் துஜியாங்யான் பாசன அமைப்பு கி.மு. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கே ஆற்றுப் படுகைக்கு அடியில் இரும்புத் தண்டுகளைப் புதைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் தூர்வாரும்போது தண்டு தட்டுப்படும்வரை வெட்ட வேண்டும், தட்டுப்பட்டதும் நிறுத்த வேண்டும். நம் பொறியாளர்கள் லெவல் கருவியால் மட்டம் பார்த்து முளையடிப்பதும் இதற்காகத்தான்.

ஆகவே கை, எந்திரம் இரண்டுக்கும் டெல்டாவில் வேலை இருக்கிறது. ஆறுகளையும் பெரிய வாய்க்கால்களையும் பொக்லைன் இல்லாமல் குறித்த காலத்துக்குள் முடிக்க முடியாது. வரப்புகளுக்கு நடுவே ஓடும் சின்ன வாய்க்கால்களில் அந்த வண்டி இறங்கினால் கரை உடையும், அங்கே மண்வெட்டிதான் சரி. யார் வாரினாலும் அள்ளிய மண்ணைக் கரையின் உட்சரிவில் கொட்டக் கூடாது. முதல் மழையிலேயே அது வாய்க்காலுக்குத் திரும்பிவிடும்.

உங்கள் ஊர் வாய்க்காலில் வேலை சரியாக நடந்ததா என்று நீங்களே பார்க்கலாம். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் ட்யூப் போதும். ஒரு முனையை மதகின் தரையில் ஊன்றிய கழியிலும், மறுமுனையைச் சற்றுத் தள்ளி வாய்க்காலின் நடுவில் ஊன்றிய கழியிலும் பிடித்து, நீர் நிற்கும் உயரத்தை இரண்டு கழியிலும் அளந்து ஒப்பிடுங்கள். வாய்க்கால் பக்கத்து அளவு விரற்கடையளவு கூடுதலாக இருந்தால் அது இயல்பான சரிவு. முழக்கணக்கில் கூடியிருந்தால் அது குழி. எந்திரம் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.