டாட்சனுக்குள் ஒரு வி8: இரண்டாவது வளைவில் எரிந்த சிவப்பு லைட்

போன எபிசோட் முடியும்போது, "அடுத்த தடவை நம்ம வண்டியைப் பத்திப் பேசலாம்"னு சொல்லியிருந்தேன். வந்த மெசேஜ்ல முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒண்ணுதான்: "எவ்ளோ ஹார்ஸ்பவர் ப்ரோ?" முந்நூறுக்குக் கொஞ்சம் மேல. சரி, அது முடிஞ்சது. இனி நான் அந்த எஞ்சினை எப்படிக் கொன்னேன்னு சொல்றேன்.

வண்டி 1972 மாடல் டாட்சன் 240 இசட். நான் இருக்கிறது கலிஃபோர்னியா, சான் ஹோசே பக்கம். இங்க எல்லாரும் 'ஸீ'ன்னுதான் சொல்வாங்க. எத்தனை வருஷம் ஆனாலும் என் வாயில இசட்தான் வருது. வண்டியில் பாதி எனக்குச் சொந்தம். மீதிப் பாதி என்கூட காலேஜ்ல படிச்ச நண்பனுக்கு. பேரைச் சொல்லக் கூடாதுன்னு அவன் கண்டிஷன் போட்டிருக்கான், அதனால இந்த எபிசோட் முழுக்க அவன் மச்சான்.

240 இசட் தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிடுறேன். 1969 கடைசியில் நிஸான் இந்தக் காரை ஜப்பானில் ஃபேர்லேடி இசட்ங்கிற பேரில் இறக்கியது. வெளிநாட்டுக்கு டாட்சன் 240 இசட். 2.4 லிட்டர், வரிசையா ஆறு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர், காகிதத்தில் 151 குதிரைத்திறன். எடை ஆயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. அமெரிக்காவில் ஆரம்ப விலை 3,526 டாலர். பீட்டர் பிராக்கோட பிஆர்இ டீம், ஜான் மார்ட்டன் ஓட்ட, 1970, 71 இரண்டு வருஷமும் எஸ்சிசிஏ போட்டியின் சி புரொடக்‌ஷன் பிரிவில் இதை வச்சு தேசிய சாம்பியன் ஆனாங்க. 1973-இல் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை 240 இசட்டில் ஜெயிச்சவர் ஷேகர் மேத்தா, உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். நம்ம ஊர்ல அவரைப் பத்தி ஏன் இவ்வளவு கம்மியா பேசுறோம்னு எனக்கு இன்னும் புரியல. அது வேற எபிசோட்.

எங்க வண்டி எங்க கைக்கு வந்தப்ப, ஹெட் கேஸ்கெட் போய், ஒரு சிலிண்டருக்குள்ள தண்ணி நின்னு துருப்பிடிச்சுக் கிடந்தது. எஞ்சினை மாத்தியே ஆகணும். எதைப் போடுறதுன்னு இரண்டு மாசம் சண்டை.

மச்சானுக்கு ஸ்கைலைன் ஜிடி-ஆரில் வர்ற ஆர்பி26 மேல ஆசை. அதுவும் நிஸான், அதுவும் வரிசையா ஆறு சிலிண்டர், சொந்தத்துக்குள்ள கல்யாணம் மாதிரி. ஆனா அது விக்கிற விலைக்கு எங்க இரண்டு பேர் சேமிப்பும் பத்தாது. நான் எல்எஸ்1 பக்கம் நின்னேன். 1998-லேர்ந்து 2002 வரைக்கும் செவர்லே காமரோவில் வந்த 5.7 லிட்டர் வி8. அடிபட்ட காரைப் பிரிச்சு விக்கிற யார்டில் கியர்பாக்ஸோட சேர்த்துக் கிடைக்கும். "ஜப்பான் வண்டிக்குள்ள அமெரிக்க எஞ்சினா? இட்லிக்கு கெட்சப் மாதிரிடா"ன்னான். இருந்தாலும் கணக்குப் போட்டுப் பாத்துட்டு ஒத்துக்கிட்டான்.

அவ்வளவு பெரிய எஞ்சின் அந்தச் சின்ன வண்டிக்குள்ள எப்படிப் போகும்னு கேப்பீங்க. எல்எஸ்1 ஒரு புஷ்ராட் எஞ்சின். இப்ப வர்ற வி வடிவ எஞ்சின்கள் பலதுல கேம்ஷாஃப்ட் சிலிண்டர் ஹெட்டுக்குள்ள இருக்கும்; ஒரு பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நாலு. அதனால ஹெட் பெருத்துடும். எல்எஸ்1-இல் ஒரே கேம்ஷாஃப்ட், அதுவும் பிளாக்குக்கு நடுவில். அங்கிருந்து நீளமான கம்பிகள் மேலே போய் வால்வைத் திறக்க உதவும். பழைய முறைதான். ஆனா 5.7 லிட்டருக்கு இது ரொம்பக் கச்சிதமான உருவம். பிளாக்கும் அலுமினியம். டாட்சனோட பழைய எஞ்சினுக்கு வார்ப்பிரும்பு பிளாக், அதனால தராசில் வச்சா இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வி8 நீளம் கம்மிங்கிறதால எஞ்சினை நல்லா பின்னாடி தள்ளி உட்கார வைக்கலாம். முன்சக்கரத்தில் பாரம் ஏறாது. சட்டமும் ஒத்துப்போச்சு. கலிஃபோர்னியாவில் 1975-உம் அதுக்கு முந்தினதுமான பெட்ரோல் கார்களுக்குப் புகைப் பரிசோதனை கிடையாது.

எஞ்சினை இறக்கி மாட்ட எங்களுக்கு ஆனது ஒரு நீண்ட வார இறுதி. மத்ததுக்கு இரண்டரை வருஷம்.

ஏன்னு கேட்டா, பழைய எஞ்சினோட டார்க் சுமார் 200 நியூட்டன் மீட்டர், புதுசோட டார்க் 450. அந்த வண்டியில் இருக்கிற ஒவ்வொரு போல்ட்டும் இருநூறை நினைச்சுப் போட்டது. பின்னாடி இருக்கிற ஆர்180 டிஃப்ரன்ஷியல் தாங்காது, நிஸானோட பெரிய ஆர்200 போடணும். ஆர்200 போட்டா அடுத்து பலவீனமா நிக்கிறது சக்கரத்துக்குப் போற ஆக்ஸில். 280 இசட்எக்ஸ் டர்போவோட சிவி ஆக்ஸிலைத் தேடி அலைஞ்சோம். பிரேக் முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். முன்பக்கத்துக்கு டொயோட்டா பிக்கப் டிரக்கின் நாலு பிஸ்டன் கேலிப்பர் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். இசட் ஆளுங்க பல வருஷமா பண்ற வைத்தியம் அது. கார்புரேட்டருக்கு மூணு, நாலு பிஎஸ்ஐ அழுத்தத்தில் பெட்ரோல் போனாப் போதும், எல்எஸ்1-க்கு 58 வேணும். பம்ப், குழாய், ஃபில்டர் எல்லாம் புதுசு.

வயரிங்கில்தான் நான் நிஜமா பயந்தேன். 240 இசட் டாஷ்போர்டில் ஒரு ஆம்மீட்டர் உண்டு. பேட்டரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நடுவில் ஓடுற கரண்ட் பூரா அந்த மீட்டர் வழியாத்தான், அதாவது உங்க முழங்காலுக்கு மேல, போயிட்டு வரும். புது எஞ்சினோட பெரிய ஆல்டர்னேட்டரை அதோட இணைச்சா அந்த வயர் அடுப்புதான். அதைத் துண்டிச்சு, அந்த ஓட்டையில் வோல்ட் மீட்டர் வச்சோம். மத்த மீட்டரெல்லாம் அழகா இருக்குன்னு பழசையே விட்டுட்டோம், ஆயில் பிரஷர் மீட்டர் உட்பட. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அம்மா வீடியோ காலில் வண்டியைப் பாத்துட்டு, "இந்தக் காசுக்கு ஊர்ல அரை கிரவுண்டு வாங்கியிருக்கலாமேடா"ன்னாங்க. அரை இல்லம்மா, கால்தான்னேன்.

அப்புறம் டிராக். மான்ட்டரே பக்கத்தில் இருக்கிற லகுனா செக்கா, 3.6 கிலோமீட்டர், 11 வளைவு. எட்டாவது வளைவான கார்க்ஸ்க்ரூ பேரை கேம் விளையாடுறவங்க எல்லாரும் கேட்டிருப்பீங்க; ஆறு மாடி உயரம் அப்படியே காலுக்குக் கீழ நழுவுற மாதிரி இருக்கும். நாங்க போறது ரேஸுக்கு இல்ல, டிராக் டேக்கு. அனுபவத்தை வச்சு குழு பிரிச்சு, இருபது இருபது நிமிஷமா ஓட்ட விடுவாங்க. முன்னாடி போறவர் கை காட்டினாத்தான் முந்தலாம். சத்தத்துக்கு வரம்பு உண்டு, அதனால வி8-க்குப் பெரிய சைலன்சர் மாட்டித்தான் போகணும். பரிசு, கோப்பை எதுவும் கிடையாது. ஆனா எல்லாரும் ரகசியமா லேப் டைம் பாப்பாங்க. பாக்கலன்னு சொல்றவர் பொய் சொல்றார்.

அன்னைக்கு எனக்கு 1:45-க்குக் கீழ போகணும். கடைசி செஷன். 1:45.6 வந்துடுச்சு. அடுத்த சுற்றில் இரண்டாவது வளைவில் ஆயில் லைட் ஒரு தடவை சிமிட்டியது. வளைவு முடிஞ்சதும் அணைஞ்சது. மீட்டரைப் பாத்தேன், முள் அசையவே இல்லை. சென்சார் கோளாறா இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அடுத்த சுற்று, அதே இடம், இந்தத் தடவை கொஞ்சம் நீளமா எரிஞ்சது. அந்தச் சுற்று 1:44.8. அதுக்கடுத்த சுற்றில், ஆறாவது வளைவு ஏற்றத்தில், யாரோ சுத்தியலால உள்ளேருந்து தட்டுற மாதிரி சத்தம்.

அங்க என்ன நடந்ததுன்னு புரிஞ்சுக்க, மடியில் ஒரு சாம்பார் தூக்குவாளியோட டவுன் பஸ்ல போறதா நினைச்சுக்கோங்க. பஸ் திரும்பினா சாம்பார் ஒரு பக்கம் ஏறும். வளைவில் பக்கவாட்டு விசை 1 ஜி, அதாவது வண்டியோட எடை அளவுக்கே பக்கத்தில் இழுக்குதுன்னா, சாம்பாரோட மேல்மட்டம் சரியா 45 டிகிரி சாயும். எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிக்கிற சம்ப்பும் அதே தூக்குவாளிதான். ஆயிலை உறிஞ்சுற குழாய் ஒரே இடத்தில் நிக்குது. ஆயில் அந்தப் பக்கம் ஒதுங்கிட்டா பம்ப் காத்தை இழுக்கும்.

கிராங்க்ஷாஃப்ட் தன் பேரிங்கைத் தொடுறதே இல்லை. நடுவில் முடியைவிட மெல்லிசான ஒரு ஆயில் படலம், அதுமேல மிதக்குது. காத்து வந்தா படலம் போச்சு, உலோகமும் உலோகமும் உரசும். ஆறாயிரம் ஆர்பிஎம்மில் இது நிமிஷக் கணக்கு இல்ல, நொடிக் கணக்கு.

இரண்டாவது வளைவில் மூணு விஷயம் ஒண்ணா சேருது. அதுக்கு முன்னாடி நேர்ப்பாதை, எஞ்சின் உச்சத்தில் சுத்தும். எல்எஸ்-இல் அப்ப நிறைய ஆயில் மேல ஹெட்டுக்குப் போய், கீழ இறங்க நேரமாகும். அடுத்து கடுமையான பிரேக், மிச்ச ஆயில் முன்னாடி ஓடும். காமரோ சம்ப்பில் குழி பின்பக்கம். அது திரும்பி வர்றதுக்குள்ள நீளமான இடது வளைவு. இதே இடத்தில் பழைய எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. ஒல்லியான டயரில் வண்டி அதுக்கு முன்னாடியே வழுக்கியிருக்கும். ஒட்டிப் பிடிக்கிற டயர், நல்ல பிரேக், கெட்டியான சஸ்பென்ஷன்னு நாங்க ஆசையா மாட்டின எல்லாம் சேர்ந்துதான் ஆயிலை அந்தப் பக்கம் தள்ளியது. சாதாரண ரோட்டுக்காக வடிவமைச்ச சம்ப்பை மட்டும் நாங்க தொடவே இல்லை.

பிட்டில் மச்சான் ஓடி வந்தான். "என்னடா ஆச்சு?"

"தெரியல மச்சான், சட்டுனு சத்தம் வந்துச்சு."

மூணு நாள் கழிச்சு ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரிச்சோம். காகித மடிப்பு முழுக்க ஜிகினாத் தூள் மாதிரி உலோகம். பேரிங் தன் இடத்தைவிட்டு நழுவிச் சுத்தி, கிராங்க்கையே அரிச்சிருந்தது. பிளாக்கைத் தவிர உள்ள இருந்த பெரும்பாலானது குப்பை. செலவில் பாதி அவனோடது.

அந்த ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன் வந்தது. ரோல் கேஜில் ஒரு கேமரா மாட்டியிருந்தோம். இன்ஸ்டாகிராமில் போட நல்ல சுற்றா வெட்டலாம்னு அவன் வீடியோவைப் பாத்திருக்கான்.

"லைட்டு எரியுதுடா. இரண்டு சுற்று எரியுது. நீ பாத்தியா?"

பாக்கலன்னு சொல்லியிருக்கலாம். ஹெல்மெட் போட்ட தலை, வெயில், வேகம், நம்பியிருப்பான். "பாத்தேன்"னேன்.

அவன் திட்டியிருந்தா பரவாயில்லை. "சரி, தூங்கு"ன்னு வச்சுட்டான். அப்புறம் ஆறு வாரம் வண்டியைப் பத்தி மட்டும் பேசல. மத்ததெல்லாம் பேசினான், பையன் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டான், பிரியாணி பரிமாறினான். வண்டி பேச்சு வந்தா எழுந்து போயிடுவான். இரண்டாவது எஞ்சினுக்கான காசு முழுக்க நான்தான் தர்றேன்னு மெசேஜ் போட்டேன். புளூ டிக் வந்தது, பதில் வரல.

ஏழாவது வாரம் ஒரு சனிக்கிழமை காலைல என் கராஜ் வாசல்ல பெரிய பெட்டியோட நின்னான். உள்ளே தடுப்புச் சுவர் வச்ச சம்ப். குழியைச் சுத்தி தகடுகள், அதில் ஒரு பக்கம் மட்டும் திறக்கிற சின்னக் கதவுகள். ஆயில் உள்ள வரலாம், வெளிய ஓட முடியாது. கூடவே அக்யூசம்ப்னு ஒரு உருளை. உள்ள ஒரு பிஸ்டன், ஒரு பக்கம் காத்து, இன்னொரு பக்கம் கிட்டத்தட்ட மூணு லிட்டர் ஆயில். எஞ்சினில் பிரஷர் குறைஞ்ச அந்த நொடியே காத்து பிஸ்டனைத் தள்ளி ஆயிலை உள்ளே அனுப்பும். சில நொடிகள்தான், ஆனா ஒரு வளைவுக்கு அது போதும். ரேஸ் கார்களில் வர்ற டிரை சம்ப் இதைவிடப் பல மடங்கு நல்லது. எங்க பட்ஜெட்டுக்கு இதுதான். ஆயிலும் அளவைவிட முக்கால் லிட்டர் கூடுதலா ஊத்தறோம்.

அழகான அந்தப் பழைய பிரஷர் மீட்டர் இப்ப ஷெல்ஃபில் இருக்கு. சாதாரண ரோட்டில் நிதானமா ஏறி இறங்கத்தான் அது லாயக்கு. அரை நொடி சரிவை அது காட்டவே காட்டாது. அந்த இடத்தில் எலக்ட்ரானிக் மீட்டர், பக்கத்தில் எலுமிச்சம்பழ சைஸில் ஒரு சிவப்பு லைட். ஆயிரம் ஆர்பிஎம்முக்கு பத்து பிஎஸ்ஐங்கிற பழைய கணக்கை வச்சு, ஓட்டத்தில் 35-க்குக் கீழ போனா எரியும். கண்ணாடியில் பிரதிபலிக்கிற மாதிரி மச்சான்தான் கோணம் பாத்து மாட்டினான்.

போன மாசம் திரும்பவும் லகுனா செக்கா போனோம். முதல் செஷன் அவன் ஓட்டினான், நான் பிட் சுவர்ல. இறங்கி வந்து டேட்டா லாகரைக் காட்டினான். இரண்டாவது வளைவில் மிகக் குறைஞ்சது 48 பிஎஸ்ஐ. லேப் டைம் 1:47. "மெதுவா இருக்கேடா"ன்னேன். சாவியை என் கையில் வச்சுட்டு, "லைட்டு எரிஞ்சா?"ன்னு கேட்டான்.

"உள்ள வந்துடுவேன்."

"எந்தச் சுற்றா இருந்தாலும்?"

"எந்தச் சுற்றா இருந்தாலும்."

அன்னைக்கு 1:45.2 வந்தது. லைட் எரியல. ஆனா கூலன்ட் சூடு ஏறிக்கிட்டே போச்சு, ஆறாவது சுற்றில் நானே உள்ள வந்துட்டேன். ரேடியேட்டர் கதை அடுத்த எபிசோட்ல.