அருச்சகர் அமர்த்தமும் ஆகம வரம்பும்

பழவேற்காட்டேரியை அடுத்த ஆரம்பாக்கத்து மீனவ இளைஞரொருவர் அருச்சகர் பயிற்சி முடித்து, ஆகமவழிச் சிவன் கோயிற் கருவறையுள் பூசனை புரிய விரும்புகின்றார் எனக் கொள்வோம். அவரைத் தடுப்பது யாது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

1970ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் அருச்சகப் பணியின் வழிவழியுரிமையை நீக்கிற்று. சேஷம்மாள் வழக்கில் (1972) உச்ச நீதிமன்றம், அருச்சகரை அமர்த்துதல் உலகியற் செயலே எனக் கூறி அச்சட்டத்தை ஏற்றது. ஆயின், ஆகமம் விலக்கியோர் திருமேனியைத் தீண்டின் வழிபாடு பழுதுறும் என்னும் நம்பிக்கையைச் சமயத்தின்பாற் படுத்தது. தந்தைவழி உரிமை போயிற்று; மரபினர்க்குரிய வரம்போ எஞ்சிற்று. நம் இளைஞர் வாயிலளவே வந்தார் என்க.

தகுதியும் பயிற்சியுமுடைய இந்துக்கள் யாவரையும் அமர்த்தலாம் என்றது 2006ஆம் ஆண்டு அரசாணை. 2015இல் உச்ச நீதிமன்றம், ஆகமவழி அமர்த்தம் சமத்துவத்திற்கு முரணாகாது என்றும், சாதி பிறப்புப் பற்றிய விலக்கு நில்லாது என்றும் உரைத்து, அவ்வவ் வழக்கின்கண் முடிபு காணுமாறு விடுத்தது.

எனவே, ஒரு கோயிற்கு உரிய ஆகமம் யாது, அதன்கண் விதி எது, பிற்கால வழக்கம் எது எனத் துணிதல் இன்றியமையாததாகின்றது. ஏடும் கல்வெட்டும் பயின்றோரே இதற்குரியர். இப்பணியை வழக்காடுவோர்பால் விடுத்தல் தகாது என்பது எம் கருத்து. 2021 ஆகஸ்டு 14இல் பல சாதியினராகிய பயிற்சி பெற்றோர் 24 பேர் அமர்த்தப்பட்ட பின்னரும், நீதிமன்றங்களின் முன் எழுந்தது இவ்வினாவே.