ஓய்ந்த யந்திரமும் ஓயாத உருளையும்

யந்திரசாலை விபத்துக்களுள் பல, யந்திரம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது நேர்வதில்லை; அதனைத் துடைக்கும்போதும், அடைத்துக்கொண்ட பஞ்சை அகற்றும்போதுமே நேர்கின்றன. காரணம் எளிதில் விளங்கும். உற்பத்தி நடைபெறுகையில் பற்களும் உருளைகளும் காப்பு மூடிக்குள் மறைந்திருக்கின்றன. சுத்தம் செய்ய வேண்டுமாயின் மூடியைத் திறந்தாக வேண்டும். கையும் உள்ளே சென்றாக வேண்டும்.

நூற்பாலையில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் யந்திரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பழைய வகை யந்திரங்களில் பெரிய உருளையின் விட்டம் 50 அங்குலம். அதன் மேற்பரப்பு முழுவதும் நுண்ணிய கம்பிப் பற்கள். நிமிடத்திற்கு 170 முறை சுழலுமாயின், அப்பற்கள் விநாடிக்குச் சுமார் 11 மீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. ஆபத்தை உணர்ந்து கையை இழுக்க மனிதனுக்கு விநாடியில் ஐந்திலொரு பங்கேனும் தேவை. அதற்குள் 2 மீட்டர் நீளத்துப் பற்கள் விரலைக் கடந்துவிடும். மின்விசையைத் துண்டித்தாலும் இவ்வுருளை உடனே நிற்பதில்லை. கனத்த இரும்பாதலால், பெற்ற சுழற்சியைச் சில நிமிடங்கள் வரை விடாது வைத்திருக்கும். மோட்டாரின் இரைச்சல் அடங்கியதைக் கேட்டு மூடியைத் திறப்பவர் ஏமாந்துபோகிறார்.

மெதுவாகச் சுழலும் இணை உருளைகளும் அபாயம் குறைந்தவையல்ல. நிமிடத்திற்கு 20 மீட்டர் என்பது நடைவேகத்தினும் குறைவு. ஆயினும் இரு உருளைகள் சேரும் இடுக்கில் துடைக்கும் துணியின் நுனி சிக்கினால், அரை விநாடியில் 16 சென்டிமீட்டர் உள்ளே சென்றுவிடும். துணியைப் பற்றிய கையும் அதனைத் தொடரும்.

இந்தியத் தொழிற்சாலைகளுக்கென 1948ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஓடும் யந்திரத்தின் அருகில் எண்ணெயிடுதல் போன்ற பணிகளைத் தனிப்பயிற்சி பெற்ற, இறுக்கமான உடை அணிந்த, பதிவேட்டில் பெயர் எழுதப்பெற்ற தொழிலாளிக்கே அனுமதித்தது. விதி நன்றே. ஆனால் நிறுத்தப்பட்ட யந்திரத்தை, உள்ளே ஒருவர் கைவைத்திருப்பதை அறியாத மற்றொருவர் ஓட்டிவிடுவதும் உண்டு. விசைப்பெட்டியைப் பூட்டி, சுத்தம் செய்பவரே சாவியைத் தம்மிடம் வைத்துக்கொள்வது இதற்கு எளிய பரிகாரம். ஒரு பூட்டின் விலை சொற்பம். இருந்தும் இது பல இடங்களில் கைக்கொள்ளப்படுவதில்லை.

விபத்து நேர்ந்துவிட்டால், காலமே முதற்கணக்கு. அறுபட்ட விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, நீர் புகாத பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்தல் வேண்டும். பனிக்கட்டியை விரலின்மீது நேராக வைத்தால் திசுக்கள் உறைந்து கெடும். குளிர்விக்கப்பட்ட விரல் ஏறத்தாழ 24 மணி நேரம் உயிர்ப்புடன் இருக்கக்கூடும். தசை மிகுந்த முன்கைக்கு, குளிர்விக்காவிடில், 6 மணி நேரத்திற்கு மேல் நம்பிக்கை குறைவு.

1963ஆம் ஆண்டு ஷாங்காய் நகரில், யந்திரத்தில் முற்றிலும் அறுபட்ட தொழிலாளி ஒருவரின் வலக்கையை டாக்டர் சென் சோங்வெய் குழுவினர் மீண்டும் பொருத்தினர். 1965இல் ஜப்பானின் நாரா நகரில் கொமாட்சு, தமாய் என்னும் இருவர் ஒரு கட்டைவிரலை ஒட்டவைத்தனர். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கைச் சிகிச்சைக்கெனத் தனிப்பிரிவு 1971இல் தோன்றியது. எனினும் இச்சாதனைகள் கூராக வெட்டுண்ட உறுப்புக்கே பெரிதும் பொருந்துவன. உருளைகள் வெட்டுவதில்லை, நசுக்குகின்றன, தோலைக் கையுறைபோல் உரித்தெடுக்கின்றன. இரத்தக் குழாய்களே சிதைந்தபின் எதனோடு எதனைத் தைப்பது?

பொருத்தப்பட்ட விரலிலும் நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே வளர்கிறது. உணர்ச்சி திரும்பப் பல மாதங்கள் ஆகும். முழுமையாகத் திரும்புவதோ அரிது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்துடன் இணைந்த அட்டவணை, பிற்காலத் திருத்தங்களின்படி, கட்டைவிரல் இழப்பை 30 சதவீத வருவாய்த் திறன் இழப்பாகவும், ஒரு கையின் நான்கு விரல்களின் இழப்பை 50 சதவீதமாகவும் மதித்தது. அறுந்த இழையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து முறுக்கிப் பொருத்துவதே வேலையாகக் கொண்ட நூற்பாலைத் தொழிலாளி, எஞ்சிய 70 சதவீதத்தைக்கொண்டு அதே வேலைக்குத் திரும்ப இயலவில்லை.