பட்டை கூட்டினால் துள்ளல் அடங்குமா? தோட்டத்து வண்டிக்குச் சிக்கன ‘ஷாக்’ வைத்தியம்

“ஊத்தங்கரை பக்கம் எங்கள் தோட்டம். தக்காளி, மாங்காய் ஏற்றப் பழைய பிக்கப் வண்டி ஒன்று வைத்திருக்கிறேன். தார் ரோட்டைப் பிடிக்கும்வரை மண் பாதைதான். வண்டி துள்ளுகிற துள்ளலில் தக்காளி நசுங்குகிறது. ‘பின்னால் ஒரு பட்டை கூட்டு’ என்கிறார் ஒருவர். ‘ஷாக் அப்சார்பரில் துளை போட்டு, கெட்டி ஆயிலை ஊற்றி அடைத்துவிடு’ என்கிறார் இன்னொருவர். புதிது வாங்காமல் வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளி கொண்டுபோகிறவர்களுக்கும், மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு மாங்காய் ஏற்றுகிறவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

சுமப்பது ஒன்று, அடக்குவது ஒன்று

பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் பாரத்தைச் சுமப்பதில்லை. பள்ளத்தில் அமுங்கிய ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. உள்ளே ஆயில் நிறைந்த குழாய், அதில் ஏறி இறங்கும் பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகள். ஆயில் அந்தத் துளைகள் வழியே பிதுங்கிச் செல்லும்போது ஆட்டத்தின் வேகம் வெப்பமாக மாறிவிடுகிறது.

இது புரிந்தால் முதல் யோசனைக்கு விடை கிடைத்துவிடும். பட்டை கூட்டினால் ஸ்பிரிங் விறைப்பாகும். பாரத்தில் வண்டி தாழாது. ஆனால், விறைத்த ஸ்பிரிங் இன்னும் வேகமாக மேலே உதறும். ஏற்கெனவே தளர்ந்த ஷாக்கால் அதை அடக்க முடியாது. பாரம் குறைவாக இருக்கும்போது துள்ளல் முன்பைவிட மோசமாகும்.

முதலில் பரிசோதனை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு மூலையையும் பலமாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒருமுறை எழும்பி, அப்படியே அடங்கினால் ஷாக் நலம். இரண்டு, மூன்று முறை ஆடினால் தளர்ந்துவிட்டது. பட்டை விறைப்பான பாரவண்டியைக் கையால் அழுத்துவது கடினம். அதற்கு வேறு வழி இருக்கிறது. மண் பாதையில் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நான்கு ஷாக்குகளையும் பக்குவமாகத் தொட்டுப் பாருங்கள். மற்றவை சூடாக இருக்க, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அது வேலை செய்யவில்லை. தண்டைச் சுற்றி லேசான ஈரம் இருந்தால் பயமில்லை. ஆயில் வழிந்து மண் அப்பியிருந்தால் சீல் போய்விட்டது.

காசு செலவில்லாத வேலைகள்

ஷாக்கைக் குறை சொல்வதற்கு முன் இவற்றைப் பாருங்கள். டயரில் காற்று அளவுக்கு மீறி இருந்தால் எந்த வண்டியும் உதறும். ஷாக்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால், ஷாக் நன்றாக இருந்தும் பயனில்லை. புஷ் மட்டும் தனியாகக் கிடைக்கும். பட்டைகளுக்கு நடுவே துரு ஏறி இறுகியிருந்தால், பட்டறையில் கழற்றித் துருவைச் சுரண்டிப் பூட்டச் சொல்லுங்கள். யு போல்ட் தளர்ந்திருந்தால் உடனே முடுக்க வேண்டும்.

ஏற்றும் முறையும் முக்கியம். வண்டியில் அதிகம் தூக்கிப்போடுவது பின் அச்சுக்குப் பின்னால் உள்ள பகுதி. பழுத்த தக்காளியை அச்சுக்கு முன்னாலும், காயை வால் பக்கமும் வையுங்கள். அடுக்கில் மேல்பெட்டியிலிருக்கும் பழம்தான் அதிகம் குதித்து அடிபடும். பெட்டிகள் ஆடாதபடி இறுக்கிக் கட்டுங்கள்.

துளை போடலாமா?

கூடாது. இன்றைய ஷாக் அப்சார்பர்கள் பெரும்பாலும் வாயை மடித்து அடைத்தே வருகின்றன. திறந்து பூட்டுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பல வகைகளில் நைட்ரஜன் வாயுவும் அடைத்திருக்கும். ஒற்றைக் குழாய் வகையில் அந்த அழுத்தம் 20 பாருக்கு மேல்கூட இருக்கும். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார்தான். அதில் டிரில் வைப்பதும், வெல்டிங் அடிப்பதும் உயிரோடு விளையாடுவது. தப்பித்தாலும், இரண்டு பக்கமும் ஒரே அளவு அடக்கம் வராது. ஒரு பக்கம் இறுகி, மறுபக்கம் தளர்ந்த வண்டி, வளைவில் பிரேக் போடும்போது இழுத்துக்கொண்டு போகும்.

மாற்றுவதை நீங்களே செய்யலாம்

கேப்ரியல் நிறுவனத்தின் ஷாக் அப்சார்பர் ஆலை நம் ஓசூரிலேயே இருக்கிறது. பொதுவான வண்டிகளுக்குப் புதிய ஷாக் கிடைப்பது சிரமமில்லை. கழற்றிப் பூட்டும் கூலியை மிச்சப்படுத்தலாம்.

வண்டியின் மாடல், வருடம் சொல்லி அதற்குரியதையே ஜோடியாக வாங்குங்கள். பழையதை முழுக்க நீட்டியும் அமுக்கியும் நீளம் அளந்து ஒப்பிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, சேஸிஸுக்குக் கீழே கனமான மரக்கட்டை வையுங்கள். வாயு இல்லாத ஆயில் ஷாக் கடையில் படுத்த நிலையில் கிடந்திருக்கும். அதை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுதாக அமுக்கி இழுத்தால் உள்ளே சிக்கிய காற்று நீங்கும். கடைசியாக, வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் சக்கரத்தில் நிற்கும்போது புஷ் போல்ட்டை இறுக்குங்கள். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

கெட்டி ஆயில் யோசனை எங்கே செல்லும்?

பால் கேன் கட்டும் மோட்டார் சைக்கிளில் செல்லும். ஆயில் உள்ள முன் ஃபோர்க்கைத் திறந்து ஆயில் மாற்ற முடியும். 10 கிரேடுக்குப் பதில் 15 கிரேடு ஃபோர்க் ஆயில் ஊற்றினால், ஆட்டம் சீக்கிரம் அடங்கும். என்ஜின் ஆயில் வேண்டாம். கையேட்டில் சொன்ன மில்லி அளவை இரண்டு காலிலும் ஒன்றுபோல ஊற்ற வேண்டும். அதிகம் ஊற்றினால், உள்ளே காற்றுக்கு இடமின்றி அழுத்தம் ஏறி சீல் கசியும். என்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து, முன்சக்கரத்தில் பாரமில்லாமல் செய்த பிறகே மேல் மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். வடித்த ஆயிலை வரப்பிலோ வாய்க்காலிலோ கொட்டாமல், பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள்.

சட்டம்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதே அளவு ஷாக்கை மாற்றுவது பழுதுபார்ப்பு. இஷ்டத்துக்குப் பட்டை கூட்டி உயர்த்துவது எஃப்.சி.க்குப் போகும்போதும், விபத்துக் காப்பீடு கேட்கும்போதும் சிக்கலில் நிறுத்தலாம்.

மேலும் இரண்டு கேள்விகள்

*ஒரு பக்க ஷாக் மட்டும் கசிகிறது. அதை மட்டும் மாற்றலாமா?*

ஒரே அச்சில் உள்ள இரண்டையும் மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால், வண்டி வளைவில் ஒரு பக்கமாக அசையும்.

*டிராக்டர் டிரெய்லருக்கு ஷாக் போடலாமா?*

தேவையில்லை. பட்டை உள்ள டிரெய்லரில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தை ஓரளவு அடக்கும். டிராக்டரின் வேகத்துக்கு அது போதும். மண் பாதையில் வேகத்தைக் குறைப்பதுதான் செலவில்லாத ஷாக் அப்சார்பர்.