கடல்மேல் ஒரு தூய்மை மண்டபம்

பிற சமயத்தாரின் வணக்கத்தலங்களைப் பற்றி எழுதுவோர்க்கு அறிஞர் அல்பிரூனி வகுத்துத் தந்த வழி ஒன்றுண்டு. இந்தியாவைப் பற்றிய தமது நூலின் முன்னுரையில், தாம் வாதிட்டு மறுப்பதற்காக எழுதவில்லை என்றும், அம்மக்களின் கொள்கைகளை உள்ளவாறே எடுத்துரைப்பதே தம் நோக்கம் என்றும் அவர் தெளிவுபடுத்துகின்றார். ஜப்பானின் இட்சுகுஷிமா ஷிண்டோ ஆலயத்தையும் அவ்வழியிலேயே காண முயல்வோம்.

ஹிரோஷிமா நகருக்கு அருகே, மியாஜிமா தீவின் கரையோரக் கடலில் தூண்கள்மீது நிற்கின்றது இவ்வாலயம். தீவே புனிதமானதென்று கருதப்பட்டமையால், மண்ணை விடுத்து நீர்மேல் கட்டினர் என்பர். தைரா நோ கியோமோரி என்னும் தலைவர் 1168 வாக்கில் இதற்கு இன்றைய அமைப்பை அளித்தார். 1996இல் இது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. தரைப்பலகைகளுக்கிடையே வேண்டுமென்றே இடைவெளி விட்டுள்ளனர். கடல் பொங்குங்கால் நீரின் அழுத்தம் அவ்வழியே தணிகின்றது.

வழிபட வருவோர் முதலில் கைகளையும் வாயையும் நீரால் தூய்மை செய்கின்றனர். அடுத்து, கடலை நோக்கித் திறந்துள்ள ‘ஹராய்டென்’ என்னும் தூய்மை மண்டபம். அதற்கப்பால் வழிபாட்டு மண்டபமும் கருவறை மாளிகையும் உள்ளன. ‘ஹராய்’ என்பது மாசு நீக்கும் சடங்கு. வெண்தாள் கீற்றுகள் கட்டிய கோலைப் பூசகர் அசைத்து அதனை நிறைவேற்றுவார். இருமுறை தலைவணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் வணங்குவது அவர்களின் வழிபாடு. காணச் செல்லும் முஸ்லிம் அதில் பங்குகொள்வதற்கில்லை; ஏளனம் செய்வதற்குமில்லை. பிறர் அழைத்து வணங்குவோரை ஏசலாகாது என்பது அல்குர்ஆனின் (6:108) கட்டளையன்றோ!

நீரால் கழுவுவதைக் கண்டதும் நமக்கு ஒளு நினைவுக்கு வரும். ஆயினும் இரண்டின் அடிப்படையும் வேறு. ஷிண்டோ மரபு ‘கெகரே’ எனக் குறிக்கும் மாசு, இறப்பையும் குருதியையும் மகப்பேற்றையும் சூழ்ந்தது. ஆதலால் முற்காலத்தில் பேறுகாலம் நெருங்கிய பெண்டிரையும் இறந்தோரையும் தீவிலிருந்து அக்கரைக்குக் கொண்டு சென்றனர். 1555இல் இத்தீவில் நடந்த போரில் மோரி மொதொனாரி வென்றார். வென்றவர் சடலங்களை அகற்றி, குருதி தோய்ந்த மண்ணையும் அப்புறப்படுத்தச் செய்தார் என்று கூறுவர். இன்றுள்ள கருவறை மாளிகை அவருடைய ஆதரவில் 1571இல் எழுந்ததாகும்.

நம் மார்க்கத்திலும் தொடக்கு உண்டு. பிள்ளை பெற்ற தாய்க்குத் தொழுகை விலக்களிக்கப்படுகின்றது; ஆனால் அவள் உடல் நஜீஸ் அன்று, அவள் வீட்டைவிட்டு விலக வேண்டியதுமில்லை. மனிதன் இறந்ததனால் நஜீஸாகிவிடுவதில்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. மய்யித்தை ஒதுக்குவதன்று, குளிப்பாட்டிக் கஃபனிட்டுத் தொழவைத்து அடக்குவதே சமுதாயத்தின்மீது ஃபர்ளு கிஃபாயாவாகும். உஹதுப் போரின் ஷஹீதுகளை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குளிப்பாட்டாமல் குருதியோடே அடக்கச் செய்தார்கள்.

இட்சுகுஷிமாவில் குருதி, மண்ணோடு அகற்றப்பட வேண்டிய மாசு. உஹதிலோ அது கழுவப்படாமல் காக்கப்பட்ட கண்ணியம். பிறரின் தூய்மையை உள்ளவாறு அறிந்த பின்னரே, நாம் நாள்தோறும் செய்யும் ஒளுவின் பொருளும், இறந்தவரைத் தொட்டுக் கழுவும் கைகளின் சிறப்பும் நமக்கு முழுமையாக விளங்குகின்றன.