பெட்டிக்குப் பெயர் வைக்கும்போது

பியூர் டேட்டா என்ற மென்பொருளில் நிரலை வரிவரியாக எழுதுவதில்லை. திரையில் ஒரு பெட்டி போட்டு, அதற்குள் ஒரு பெயரைத் தட்டச்சு செய்தால் அந்தப் பெட்டிக்கு உயிர் வரும். பெட்டிகளைக் கம்பி இழுத்து இணைத்தால் ஒலி பிறக்கும். பாரிஸின் இர்காம் ஆய்வகத்தில் 1980களில் 'மேக்ஸ்' மென்பொருளை உருவாக்கிய மில்லர் பக்கெட், 1990களில் பியூர் டேட்டாவை எழுதி இலவசமாகவே கொடுத்தார்.

நாடகங்களுக்கு ஒலி அமைக்கும் எனக்கு இதில் மிகவும் பிடித்தது ~ என்ற அலைக்குறி. வெறும் கூட்டல் குறி போட்ட பெட்டி எண்களைக் கூட்டும். அதன் பின்னால் ~ சேர்த்தால் இரண்டு ஒலிகளைக் கலக்கும். யாரோ கட்டிய பெட்டி வலையைப் பார்த்தாலும் ஒலி எந்த வழியாக ஓடுகிறது என்று உடனே தெரிந்துவிடும். குறி இல்லாத ஒலிப் பெட்டியையும் மென்பொருள் ஏற்கும். ஆனாலும் கூடுதல் பெட்டிகள் எழுதுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இந்த மரபைக் காக்கிறார்கள்.

அந்த ஒற்றுமை மற்றப் பெயர்களில் இல்லை. உலகெங்கும் பலர் தனித்தனியே பெட்டித் தொகுப்புகள் எழுதியிருக்கிறார்கள். ஓர் எண்ணை ஓர் எல்லையிலிருந்து இன்னோர் எல்லைக்கு மாற்றும் 'ஸ்கேல்' பெட்டி சைக்ளோன் தொகுப்பிலும் உண்டு, மேக்ஸ்லிப் தொகுப்பிலும் உண்டு. எழுதியவர்கள் வேறு; நடத்தையும் நுணுக்கத்தில் வேறு. வெறுமனே 'ஸ்கேல்' என்று போட்டால் எது வரும்? அது அந்தக் கணினியின் அமைப்பைப் பொறுத்தது. பெட்டி கிடைக்காவிட்டால்கூட நல்லது, அதைச் சுற்றிப் புள்ளிக்கோடு தோன்றிக் காட்டிக்கொடுத்துவிடும். வேறொருவருடைய பெட்டி சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்வதுதான் ஆபத்து. ஒத்திகையில் சரியாக ஒலித்த மழை, அரங்கத்துக் கணினியில் இரைச்சலாகும்.

தீர்வு இருக்கிறது: 'சைக்ளோன்/ஸ்கேல்' என்று தொகுப்பின் பெயரையும் சாய்கோடிட்டு எழுதலாம். நீளமாக இருக்கிறதே என்று பலர் தவிர்க்கிறார்கள். எனக்கு அந்த நீளம்தான் மரியாதை. யாருடைய உழைப்பு என்பதும் அதில் தெரிகிறது.

கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் 'செண்ட்' பெட்டிக்கும் கவனம் வேண்டும். அதற்கு வைக்கும் பெயர் திறந்திருக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் பொது. முன்னால் $0 சேர்த்தால், ஒவ்வொரு கோப்புக்கும் தனி எண் கிடைத்து மோதல் தவிரும்.

உங்கள் கோப்பை அடுத்தவருக்குக் கொடுக்கும் முன், தொகுப்பின் பெயர் இல்லாத கூடுதல் பெட்டிகளை ஒருமுறை தேடித் திருத்திவிட்டுக் கொடுங்கள்.