செப்டம்பரா, ஜனவரியா? உப்பளக் குடும்பத்து மாணவரும் அயல்நாட்டு முதுகலையும்

பிரிட்டனில் முதுகலை படிக்க விரும்பும் தூத்துக்குடி மாணவரிடம் முகவர்கள் சொல்வது இது: “செப்டம்பர் போனால் என்ன, ஜனவரி இருக்கிறதே!” சொந்தப் பணத்தில் செல்வோருக்கு இது பொருந்தும். உதவித்தொகையை நம்பிச் செல்லும் தலித் மாணவருக்குப் பொருந்தாது. செவ்னிங் உதவித்தொகை இலையுதிர்காலச் சேர்க்கைக்கு மட்டுமே உரியது. அதற்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் அக்டோபரிலேயே முடிந்துவிடும். இரண்டாண்டுப் பணி அனுபவமும் கேட்பார்கள்.

ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் 125 இடங்கள். அவற்றுள் 115 பட்டியல் சாதியினருக்கு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 இலட்சத்தைத் தாண்டக்கூடாது. உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் உள்ள பல்கலைக்கழகத்தின் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் வேண்டும். சிக்கல் ‘நிபந்தனையற்ற’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரியில் இறுதியாண்டு படிப்பவருக்கு, தேர்வு முடிவு வரும்வரை நிபந்தனையுடன் கூடிய கடிதமே கிடைக்கும். ஆகவே படிப்பு முடியும் அதே ஆண்டின் செப்டம்பர் அவருக்கு ஏறத்தாழ அடைபட்ட கதவு. மறு ஆண்டின் செப்டம்பரே மெய்யான இலக்கு. இடைப்பட்ட காலத்தை ‘வீணாய்ப் போன வருடம்’ என்று உறவினர் சொல்லக்கூடும், சொல்லட்டும்.

அந்த ஓராண்டில் எப்போது பணம் கட்டுவது என்பதுதான் நம் கடற்கரைக்கே உரிய இடர். விண்ணப்ப வேலைகள் குவியும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும். உப்பளங்களில் வேலை இராது. அரசின் மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய். ஐஇஎல்டிஎஸ் தேர்வுக் கட்டணமோ அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். அத்தேர்வின் மதிப்பெண் இரண்டாண்டுகள் செல்லுபடியாகும். எனவே உப்பு வாரும் கோடையிலேயே, கூலி கைக்கு வரும்போதே அதை எழுதிவிடுவது நலம். கடவுச்சீட்டும் சாதி, வருமானச் சான்றிதழ்களும் அப்போதே ஆகட்டும். தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் கிடந்தால், திருத்தவே மாதங்கள் கழியும்.

ஜெர்மனியில் அக்டோபரோடு ஏப்ரலிலும் சேர்க்கை உண்டு. பல அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமும் இல்லை. ஆனால் விசாவுக்காக வங்கியில் முடக்கிவைக்க வேண்டிய தொகையே பத்து இலட்சம் ரூபாயைத் தாண்டும்.

பரோடா உதவித்தொகையின் காலம் முடிந்ததால் 1917இல் இலண்டன் படிப்பை இடையில் விட்டுத் திரும்பிய அம்பேத்கரால் 1920இல்தான் மீண்டும் செல்ல முடிந்தது. 2025 ஜூலையிலோ, தேர்வான 106 பேரில் 40 பேருக்கே முதலில் தற்காலிக ஆணை வந்தது. ஏனையோருக்கு நிதி இருப்பைப் பொறுத்து என்றார்கள். செப்டம்பர் வகுப்புக்கு இரண்டு மாதமே இருந்த வேளை அது. ஆணை கைக்கு வராமல் கடன் வாங்கி முன்பணம் கட்ட வேண்டாம். சேர்க்கையை மறு செப்டம்பருக்கு ஒத்திவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அந்த மறுமொழியைப் பத்திரப்படுத்துங்கள்.